பிரிக்பீல்ட்ஸ் மாடிக்கடை: மதர்போர்டு மாறியது, கோப்புகள் மாறவில்லை

என் கணினியில் மதர்போர்டு, அதாவது முதன்மைப் பலகை, மாற்றக் கூலி மட்டும் 280 வெள்ளி (ரிங்கிட்). சாமான் விலை தனி. கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவில் ஏறி இறங்கினால் இதில் பாதிக்கும் குறைவாக மதர்போர்டு மாற்றித் தர ஆள் கிடைக்கும், எனக்குத் தெரியும். ஆனால் இந்த 280-இல் போர்டைக் கழற்றி மாட்டிய கூலி சின்னப் பங்குதான். மிச்சமெல்லாம் என் இரண்டு டிஸ்க்கில் இருந்ததைச் சேதமில்லாமல் எடுத்து, புதுப் பெட்டியில் பழையபடி உட்கார வைத்ததற்கு. அந்த வேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. “பேர் போட்டுறாதீங்கக்கா, நான் ஒத்த ஆளு” என்று கடைக்காரத் தம்பி கேட்டுக்கொண்டார். கூட்டம் வந்தால் போன் எடுக்க முடியாதாம். இப்போது மட்டும் எடுக்கிறாரா என்ன? இடத்தைச் சொல்கிறேன்: ஜாலான் ஸ்காட் பக்கம், கந்தசாமி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய கடைவரிசை. கீழே தையல் கடை, மேலே இரண்டாம் மாடியில் இவர். லிப்ட் கிடையாது. மடிக்கணினியோடு போகிறவர்கள் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். என்னைப் போல் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கிராப் எடுப்பது நல்லது, அந்தப் பக்கம் பார்க்கிங் தேடுவது வீண்.

என் தொழிலைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு அலட்டிக்கொண்டேன் என்பது புரியும். செந்தூலில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா அழைப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதி அறிவிப்பு எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். அச்சடிப்பது வெளியில். அம்மாவுக்குச் செய்து கொடுத்த பத்திரிகையைக் கொண்டுவந்து “இதே மாதிரி வேணும்” என்று கேட்கிற மகள்கள் இப்போது வருகிறார்கள். அந்தப் பழைய கோப்புகள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால், “திருமண அழைப்பிதழ்” என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கொம்புமாக ஏதோ தெரியும். முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள் நம் மலேசியாவிலேயே பிறந்தது என்பதால் இங்கே பல அச்சகங்கள் அதில்தான் வளர்ந்தன. என் கணினியில் அந்தக் கால முரசு எழுத்துருக்களும் உண்டு, எங்கிருந்து வந்தன என்று இன்று சொல்ல முடியாத வேறு எழுத்துருக்களும் உண்டு. அவற்றை இனிமேல் தேடிப் பிடிக்க முடியாது.

அதனால் எனக்கு வேண்டியது வெறும் கோப்புகள் மட்டுமல்ல. விண்டோஸ், எழுத்துரு, பேஜ்மேக்கர் அமைப்பு எல்லாம் இருந்தது இருந்தபடியே புது மதர்போர்டுக்குப் போக வேண்டும். போதாததற்கு ரசீது எல்லாம் அதே டிஸ்க்கில்தான். வருமான வரிக்காக 7 வருடக் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பது தொழில் செய்கிற எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

கணினி 2014-ஆம் வருடத்துச் சரக்கு. நான்காம் தலைமுறை ஐ5, எச்81 போர்டு, டி.டி.ஆர்.3 ரேம். பின்னால் போட்ட 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 10. வேலையெல்லாம் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில். ஒரு ரேம் ஸ்லாட் செத்துப்போனது. அப்புறம் காலையில் சுவிட்சைத் தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அதே போர்டை செகண்ட் ஹேண்டில் தேடி வாங்கலாம்தான். ஆனால் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். பழைய போர்டுக்குக் காசு போடுவதில் அர்த்தமில்லை. போர்டு மாறினால் புராசசர் மாறும், புராசசர் மாறினால் ரேமும் மாறும், பழைய டி.டி.ஆர்.3 புதுப் போர்டில் நுழையவே நுழையாது. பெட்டியும் டிஸ்க்கும் தவிர எல்லாம் புதுசு என்று ஆகிவிட்டது.

இந்தக் கடைக்கு முன்னால் வேறு ஒரு கடைக்குப் போனேன். ஒரு பேரங்காடியில் இருக்கிறது, அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். கவுண்டரில் இருந்த பையன் பெட்டியைத் திறக்காமலேயே “ஃபார்மேட் சஜா, காக்” என்றான், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் போதும், அக்கா. டேட்டா வேண்டுமென்றால் இன்னும் 80 வெள்ளி. எந்த டேட்டா என்று கேட்டேன். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ். எழுத்துருவெல்லாம் என்ன ஆகும் என்றேன். டவுன்லோடு பண்ணிக்கொள்ளலாமாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவனைக் குறை சொல்லவும் முடியாது, அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

மாடிக்கடைத் தம்பி ஆரம்பித்த விதம் வேறு. மேசை மேல் பெட்டியை வைத்ததும் ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை, நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். விண்டோஸ் கணினியோடு வந்ததா, தனியாக வாங்கியதா? மைக்ரோசாப்ட் கணக்கின் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா? பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருக்கிறீர்களா? மறுபடி ஏற்ற முடியாத மென்பொருள் எது? கடைசியில், “இது இன்னும் ஒரு தடவையாவது எழுந்து நிக்குமாக்கா?” தட்டித் தட்டி எழுந்தது. பழைய போர்டு உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விண்டோஸ் உரிமம் அதில் ஒன்று. கணினியோடு வந்த ஓ.இ.எம். உரிமம் என்றால் அது பழைய மதர்போர்டோடு முடிந்துவிடும், புதுசு வாங்க வேண்டும். தனியாக வாங்கிய ரீடெயில் உரிமம் என்றால் கொண்டுபோகலாம். என்னுடையது நல்லவேளையாக ரீடெயில். அதை என் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்துவிட்டால், போர்டு மாறிய பிறகு ஆக்டிவேஷன் பக்கத்தில் போய் ‘அண்மையில் வன்பொருளை மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மீட்டுக்கொள்ளலாம். இணைக்காமல் கழற்றியிருந்தால் அலைச்சல்தான்.

பிட்லாக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அண்ணன் மகள் இதில் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். அவள் மடிக்கணினியில் போர்டு போய்விட்டது. ஒரு சர்வீஸ் சென்டரில் புதுப் போர்டு போட்டுத் தந்தார்கள். திறந்தால் நீலத்திரை, 48 இலக்க மீட்பு எண் கேட்கிறது. அவள் பிட்லாக்கர் என்ற பேரையே கேட்டதில்லை. இப்போது வருகிற பல மடிக்கணினிகளில் மைக்ரோசாப்ட் கணக்கோடு முதல்முறை நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. பூட்டைத் திறக்கிற விஷயம் போர்டில் இருக்கும் டி.பி.எம்.மில் இருக்கிறது. போர்டு போனால் அதுவும் போகும். அப்புறம் அந்த 48 எண்தான் வழி. சொந்தக் கணக்கு என்றால் மைக்ரோசாப்ட் தளத்தில் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். அவள் நுழைந்திருந்ததோ கல்லூரி மின்னஞ்சலில். அதனால் எண் கல்லூரியின் கையில். அவர்கள் தேடிக் கொடுத்ததால் பிழைத்தாள். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை, எல்லாம் பத்திரமாக இருந்தது, ஆனால் வெளியே நிற்க வேண்டியதாகிவிட்டது. போர்டைக் கழற்றுமுன் இதைக் கேட்கிற கடை எது, கேட்காத கடை எது என்று பாருங்கள். நான் இனிமேல் அதை வைத்துத்தான் கடையை எடை போடுவேன். என் கணினியில் பிட்லாக்கர் இல்லை என்பதைத் தம்பி என் வாய்ச்சொல்லை நம்பாமல் கட்டளை அடித்துப் பார்த்தே உறுதி செய்தார்.

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், எல்லாரும் வைத்திருக்கலாம். எஸ்.எஸ்.டி. நீலம், அதாவது நலம். 1 டி.பி. டிஸ்க் மஞ்சள். சி5 என்ற வரியில் 18 என்று இருந்தது. “பதினெட்டுதானே” என்றேன். “அது பத்தை வச்சு எண்ணாம பதினாறை வச்சு எண்ணுற கணக்குக்கா, நம்ம கணக்குல 24” என்றார். படிக்க முயன்று முடியாமல், இன்னும் முடிவு தெரியாமல் நிற்கிற செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகள், அவை. எண்ணிக்கை பெரிசில்லை. ஆனால் இந்த மாதிரி டிஸ்க்கில் சாதாரணமாகக் காப்பி போட்டால் விண்டோஸ் கெட்ட இடத்திலேயே முட்டி முட்டி நிற்கும், அந்த முட்டலிலேயே டிஸ்க் மோசமாகும்.

இங்கேதான் திட்டத்தை மாற்றினார். போர்டு வேலை அப்புறம், முதலில் இந்த டிஸ்க்கைக் காப்பாற்ற வேண்டும். புதிதாக 2 டி.பி. டிஸ்க் ஒன்று வாங்கினேன். பழையதை லினக்ஸ் ஓடுகிற அவருடைய வேறு கணினியில் மாட்டி டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளில் போட்டார். அது முதலில் சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களையெல்லாம் வாரி எடுத்துக்கொள்கிறது. முரண்டு பிடிக்கிற இடங்களைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வருகிறது. நடுவில் மின்சாரம் போனாலும் குறிப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பந்தியில் கேட்டதும் நகர்கிறவர்களை முதலில் அனுப்பிவிட்டு, சண்டைக்காரரைக் கடைசியில் கவனிக்கிற மண்டபக்காரர் மாதிரி.

தொடங்கும் முன் ஒன்று செய்தார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய டிஸ்க்கில் ‘மூலம்’, புதியதில் ‘நகல்’ என்று டேப் ஒட்டினார். என்னிடம் பழைய டிஸ்க்கைக் கொடுத்து, ஸ்டிக்கரில் இருக்கிற சீரியல் எண்ணை உரக்க வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்க அவர் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகுதான் எண்டர். ஏனென்று கேட்டதற்கு, மூலமும் நகலும் கட்டளையில் இடம் மாறினால் காலி டிஸ்க் நிரம்பிய டிஸ்க்கின் மேல் ஏறிவிடும், அதற்கு மருந்தில்லை என்றார். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வாடிக்கையாளர் வாசிக்காமல் அவர் எண்டர் தட்டுவதில்லையாம்.

ராத்திரி முழுக்க ஓடியது. மறுநாள் கணக்கு கொடுத்தார்: படிக்க முடியாமல் போன இடத்தில் மாட்டிய கோப்புகள் இரண்டு. ஒன்று யாரோ கொடுத்த திருவிழா வீடியோ, இன்னொன்று ஒரு கோரல் டிரா கோப்பு. பேரோடு எழுதித் தந்தார். கோரல் கோப்பின் முந்தைய பதிப்பு என் வெளி டிஸ்க்கில் இருந்தது, வீடியோ போனால் போகட்டும். “எல்லாம் வந்துருச்சு” என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்கே தெரிந்திருக்கும்.

எஸ்.எஸ்.டி. விஷயம் சுலபம். அது நலமாக இருந்ததால் குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளில் போட்டு, ஒயர் இல்லாமல் நேராகப் போர்டில் செருகுகிற 500 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.க்கு அப்படியே நகலெடுத்தார். குளோன்சில்லா தைவானில் உருவானது, இலவசம், திரை மட்டும் தொண்ணூறுகளின் வங்கி மெஷின் போல் இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, அதற்குப் பிறகு செய்த எந்த வேலையும் பழைய எஸ்.எஸ்.டி.யைத் தொடவில்லை. சோதனை, மாற்றம், தவறு எல்லாம் நகலின் மேல்தான்.

சாமான்களை லோ யாட்டில் நானே வாங்கிக் கொடுத்தேன். ஐ3 12100, எச்610 போர்டு, 16 ஜி.பி. டி.டி.ஆர்.4. பத்திரிகை வடிவமைப்புக்கு இது தாராளம். 2025 கடைசியில் ஏறத் தொடங்கிய ரேம் விலை இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசினால் வாயில் நல்ல வார்த்தை வராது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு எல்லாச் சிப்பும் போகிறதாம், செந்தூலில் பத்திரிகை அடிக்கிற நான் அதற்கும் சேர்த்துக் கட்டுகிறேன். வெளியில் வாங்கிய சாமானுக்கு மாடிக்கடையில் வாரண்டி கிடையாது, வேலைக்கு மட்டும்தான். அது நியாயம்.

பவர் சப்ளையும் மாற்றினோம். அப்போது பழைய பவர் சப்ளையின் டிஸ்க் ஒயர்கள் பெட்டிக்குள் அழகாகக் கட்டி ஓடிக்கொண்டிருந்தன. அதையே புதியதில் செருகினால் வேலை மிச்சம் என்று எனக்குத் தோன்றியது. தம்பி எல்லாவற்றையும் உருவிப் போட்டார். டிஸ்க்கில் செருகுகிற முனை எல்லா ஒயரிலும் ஒன்றுதான். பவர் சப்ளையில் செருகுகிற முனை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் வேறு. பார்க்க ஒன்றாக இருக்கும், நுழையவும் நுழையும். ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிஸ்க் அந்த நிமிடமே போய்விடும். டிஸ்க்கின் பச்சைப் பலகையை மாற்றிப் பிழைக்க வைக்கலாமே என்றால், இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் அந்தப் பலகையின் சிப்பில் இருப்பதால் இன்னொரு டிஸ்க்கின் பலகையை அப்படியே எடுத்து மாட்டினால் ஓடாது. வீட்டில் தாங்களே மாற்றுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாம் மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டால் பூட் ஆகவில்லை. அது எதிர்பார்த்ததுதான் என்றார். என் பழைய விண்டோஸ் எம்.பி.ஆர். என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் பதிந்தது, கணினியை எழுப்புகிற பழைய பயாஸ் பாணி. இந்தப் புது இன்டெல் போர்டில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அந்தப் பாணியில் எழ வழியில்லை, யு.இ.எஃப்.ஐ. என்ற புதுப் பாணி மட்டும்தான். அதற்கு டிஸ்க் ஜி.பி.டி. என்ற புதுப் பிரிப்பு முறையில் இருக்க வேண்டும். நிறையக் கடைகளில் இந்த இடத்தில்தான் “ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும்” என்று சொல்வார்கள். விண்டோஸ் 10-லேயே எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்று ஒரு கருவி 2017-இலிருந்து இருக்கிறது. உள்ளே இருப்பதைத் தொடாமல் முறையை மட்டும் மாற்றும். முதலில் ‘வேலிடேட்’ என்று கொடுத்து முடியுமா என்று கேட்டுக்கொண்டு, பிறகு மாற்றினார். நிமிடக் கணக்கில் முடிந்தது.

இப்போது எழுந்தது, ஆனால் நீலத்திரை. ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தம்பி தே ஓ ஐஸை (பாலில்லாத ஐஸ் தேநீர்) உறிஞ்சிக்கொண்டே இருந்தார். ஒயரில் மாட்டுகிற சாட்டா எஸ்.எஸ்.டி.யில் வாழ்ந்த விண்டோஸை என்.வி.எம்.இ.க்குக் கொண்டுவந்தால், எழுகிற நேரத்திலேயே அதை இயக்குகிற என்.வி.எம்.இ. டிரைவர் மென்பொருள் வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பிவிட்டால் டிரைவரைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அப்படியே ஆயிற்று. அதற்கு அடுத்த தடவை என் பழைய டெஸ்க்டாப், பழைய பிள்ளையார் வால்பேப்பர், பழைய குப்பை ஐகான்கள் எல்லாம் வந்துவிட்டன. பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளும் இருந்தன. புது விண்டோஸ் போட்டு பிரவுசர் ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணியிருந்தால் அவை வந்திருக்காது, பழைய விண்டோஸ் பயனர் கணக்கோடு சேர்த்துப் பூட்டி வைத்தவை அவை.

விண்டோஸைப் புதிதாகவே போடப் போகிறவர்களுக்கு அவர் சொன்னது: போடுகிற நேரத்தில் விண்டோஸ் ஏறப்போகிற டிஸ்க் ஒன்றை மட்டும் மாட்டுங்கள், டேட்டா டிஸ்க்கின் ஒயரை உருவி வையுங்கள். தவறான டிஸ்க்கை அழிக்க வழியே இருக்காது, பூட் பகுதி வேறு டிஸ்க்கில் போய் உட்காருகிற சள்ளையும் இல்லை. அப்புறம், பழைய டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டி உங்கள் பெயர் போட்ட ஃபோல்டரைத் திறக்கும்போது ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். கோப்பு கெடவில்லை, உரிமையாளர் பெயர் பழைய விண்டோஸில் இருக்கிறது, அவ்வளவுதான். ‘கண்டின்யூ’ தட்டினாலே பெரும்பாலும் திறந்துவிடும். இதற்குக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்களாம்.

கணக்கு முடிக்கும் முன் “நீங்களே கோப்பு சொல்லுங்க, திறந்து பாப்போம்” என்றார். நான் வேண்டுமென்றே பழசையும் கனமானதையும் பார்த்துப் பொறுக்கினேன். பேஜ்மேக்கர் பத்திரிகைகள், ஆறு எழுத்துரு கலந்த ஒரு கும்பாபிஷேக மலர், ரசீது எக்செல். கொம்பும் காலும் இருக்கிற இடத்தில் இருந்தன. விண்டோஸ் 11-க்கு ஏற்றுவதை உடனே செய்யவில்லை. சில நாள் விண்டோஸ் 10-இலேயே ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்ற பிறகு மேலேற்றினோம். பேஜ்மேக்கரை அட்மின் முறையில் திறக்க வேண்டியிருக்கிறது, ஆனால் திறக்கிறது. பழைய இரண்டு டிஸ்க்கையும் தேதி எழுதிய ஆன்ட்டி ஸ்டாட்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். அவசரப்பட்டு அழிக்க வேண்டாம், குறைந்தது ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும் என்றார்.

இன்னொன்று, இது பெண்கள் அதிகம் கேட்பது. டிஸ்க்கைக் கடையில் விட்டால் உள்ளே இருப்பதை யாராவது பார்ப்பார்களா? என்னிடம் இருப்பது என் படங்கள் மட்டுமல்ல, நூற்றுக்கணக்கான வீடுகளின் முகவரி, தொலைபேசி எண், கல்யாண வீடு எந்த நாளில் பூட்டியிருக்கும் என்பது வரைக்கும். தொழில் செய்கிறவருக்கு 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வாடிக்கையாளர் தகவலுக்கு நான்தான் பொறுப்பு. இங்கே டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நேராகத்தான் நகல் போனது, அவருடைய கணினியில் எதுவும் தங்கவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார விட்டார். ராத்திரி ஓட்டத்துக்கு மட்டும் நான் இல்லை, அதற்கு நம்பிக்கைதான்.

குறைகள். நாளைக்கு என்றால் நாளை மறுநாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமாகும் என்று சொல்லவும் மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். மின்விசிறி ஒன்று, அதுவும் கணினிகளைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. ரசீது கேட்டால்தான் தருகிறார். கேட்டபோது ‘கம்ப்யூட்டர் சர்வீஸ் 280’ என்று ஒரே வரி எழுதினார், டேட்டா வேலைக்கு எவ்வளவு, போர்டுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுத வைக்க நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. பிரித்தது இப்படி: போர்டு, பவர் சப்ளை மாற்றம் 70, எஸ்.எஸ்.டி. நகலும் பூட் சரிசெய்ததும் 90, கெட்ட டிஸ்க் 120. கெட்ட டிஸ்க்கில் ஒன்றும் வரவில்லை என்றால் அந்த 120 வாங்குவதில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

எல்லாருக்கும் இந்தக் கடை சரிப்படாது. டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போடுகிறது, கீழே விழுந்தது என்றால் அவரே தொடமாட்டார். அதைத் திறக்கத் தூசியில்லாத அறை வேண்டும், விலை ஆயிரக்கணக்கில் போகும், திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல் நேராக அங்கே போங்கள் என்று அனுப்பிவிடுகிறார். புது மேக்புக்கையும் எடுப்பதில்லை. அதில் சேமிப்புச் சிப்புகள் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், பூட்டுச் சாவியும் அந்த போர்டின் சிப்பிலேயே. போர்டு செத்தால் கழற்றி எடுக்க டிஸ்க் என்று ஒன்றுமில்லை. சில மெல்லிய விண்டோஸ் மடிக்கணினிகளிலும் சேமிப்பு இப்படிப் பற்றவைத்ததுதான், வாங்கும்போதே எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி மாட்டுகிற எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள், அப்போது அச்சகக்காரர்கள் வரிசையில் இருப்பார்கள், நானும் இருப்பேன். மற்ற நாட்களில் காலை பதினொன்றுக்கு மேல் திறக்கிறார். போன் அடிக்காமல் வாட்ஸ்அப்பில் கணினி மாடலையும் பிட்லாக்கர் இருக்கிறதா இல்லையா என்பதையும் எழுதி அனுப்பினால் பதில் வரும். காசாகவோ டூயிட்நவ் கியூ.ஆரிலோ கட்டலாம், கார்டு வாங்குவதில்லை.